அவசரப் பணத்துக்கு எங்கே இடம்?

2025 ஜூன் மாதத்தில் பாரத ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்கு வட்டியை 2.70 சதவீதத்திலிருந்து 2.50 சதவீதமாகக் குறைத்தது. எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ ஆகிய பெரிய தனியார் வங்கிகளும் அதே மாதத்தில் 2.50க்கு வந்து சேர்ந்தன. ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் நான்கு முறை, வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தைக் குறைத்து, 6.50இலிருந்து 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. கடன் வாங்கியவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆத்திர அவசரத்துக்கென்று மூன்று லட்சம் ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கோ ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் வட்டி 7,500 ரூபாய்தான்.

அதே வங்கியில், அதே கிளையில், அந்த மூன்று லட்சம் ஓராண்டு வைப்பாக இருந்திருந்தால் 2025இன் பிற்பாதியில் வட்டி 6.25 சதவீதம். ஆண்டுக்கு 18,750 ரூபாய். வங்கியை மாற்றாமல், கூடுதல் அபாயம் எதையும் ஏற்காமல் 11,250 ரூபாய் வித்தியாசம் வருகிறது. இதைத் தெரிந்தவர்களும் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு வைப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல. "திடீரென்று தேவைப்பட்டால் எடுக்க முடியாதே" என்ற பயம் அதில் பெரும்பங்கு. அந்தப் பயம் எந்த அளவுக்கு நியாயமானது, எந்த இடத்தில் அது தேவையற்றது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கேள்வியின் மையம்.

அவசரத்துக்கான பணத்தைப் பொறுத்தவரை, வட்டி எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கேட்ட பிறகு எத்தனை மணி நேரத்தில் பணம் கைக்கு வரும்? இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையில் கட்டச் சொல்லும் முன்பணமும், அடுத்த வாரம் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணமும், வேலை போனபின் மூன்றாவது மாதத்து வீட்டு வாடகையும் ஒரே வகைத் தேவை அல்ல. முதலாவதற்கு நிமிடக் கணக்கு. இரண்டாவதற்கு நாள் கணக்கு. மூன்றாவதற்கு மாதக் கணக்கு. மூன்றுக்கும் ஒரே இடத்தில் பணம் வைப்பதால்தான் ஒன்று வட்டி போகிறது, இல்லாவிட்டால் பணம் மாட்டிக்கொள்கிறது.

சேமிப்புக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். 2010 மார்ச் 31 வரை இந்திய வங்கிகளில் வட்டி கணக்கிடும் முறையே வேறு. மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்கு மட்டும்தான் வட்டி. ஒன்பதாம் தேதி ஒரு லட்சம் போட்டு, 28ஆம் தேதி முழுவதையும் எடுத்துவிட்டால் அந்த மாதத்துக்கு ஒரு பைசா கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல்தான் அன்றாட இருப்புக்கு வட்டி என்ற முறை வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2011 அக்டோபர் 25 அன்று, சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டுக்கொடுத்தது. யெஸ் வங்கி, கோட்டக் மகேந்திரா போன்ற சிறிய தனியார் வங்கிகள் உடனடியாக 6 சதவீதம் வரை உயர்த்தி வாடிக்கையாளர்களை இழுத்தன. பெரிய வங்கிகள் 4 சதவீதத்திலிருந்து அசையவில்லை. சம்பளக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும் தாமாகவே வந்து சேரும் வங்கிக்கு வட்டியைக் கூட்டிப் போட்டியிட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஸ்டேட் வங்கி 2017இல் 3.5 சதவீதத்துக்கும், 2020இல் 2.70க்கும் இறங்கியது.

பழைய முறை இன்றும் உயிரோடு இருக்கும் இடம் அஞ்சலகம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டி 2011 டிசம்பர் முதல் மாறாமல் 4 சதவீதம். பெரிய வங்கிகளை விட ஒன்றரை சதவீதம் கூடுதல். ஆனால் வட்டி 10ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரையிலான குறைந்தபட்ச இருப்புக்குத்தான், அதுவும் நிதியாண்டு முடிவில் ஒரே முறைதான் வரவு வைக்கப்படும். ஆகவே அங்கே பணம் போடுபவர் பத்தாம் தேதிக்குள் போட வேண்டும். மாத நடுவில் எடுத்தால் எடுத்த தொகைக்கு அந்த மாத வட்டி போய்விடும். இந்த ஒரு விவரம் தெரியாமல் நான்கு சதவீதம் என்று நம்பி, கையில் அதைவிடக் குறைவாகப் பெறுபவர்கள் உண்டு. மறுபக்கத்தில், அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு, தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. தனிநபர் கணக்கில் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரையிலான வட்டிக்கு வரியும் கிடையாது. மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கப்போகும் பணத்துக்கு, அதுவும் அஞ்சலகம் பக்கத்திலேயே இருக்கும் சிற்றூரில், இது கண்ணியமான இடம்.

இனி, 6, 7 சதவீதம் என்று சேமிப்புக் கணக்குக்கே விளம்பரம் செய்யும் சிறு நிதி வங்கிகள். 2015இல் ரிசர்வ் வங்கி பத்து நிறுவனங்களுக்குக் கொள்கை அளவில் அனுமதி கொடுத்து உருவான வகை இது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விட்டாஸ் 2016 செப்டம்பரில் வங்கியாகத் தொடங்கியது. இவற்றின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விகிதம் பெரும்பாலும் மேல்தட்டுத் தொகைக்கானது. ஒரு வங்கி முதல் ஒரு லட்சம் வரை 3 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 7 சதவீதம் என்று அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் போட்டவருக்கு முதல் லட்சத்துக்கு 3,000, மீதி இரண்டு லட்சத்துக்கு 10,000, ஆக மொத்தம் 13,000 ரூபாய். உண்மையில் அவர் பெறுவது 4.33 சதவீதம். ஏழு சதவீதம் அவர் கண்ணில் பட்டதே தவிர, கணக்கில் படவில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அட்டவணை வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. கணக்குத் தொடங்குவதற்கு முன் தன் தொகையை அந்த அட்டவணையில் போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

வட்டி கூடுதலாகத் தரும் எந்த இடத்தைப் பார்த்தாலும் அடுத்து எழ வேண்டிய கேள்வி, பணத்துக்குப் பாதுகாப்பு யார் என்பது. தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் கதவை மூடியது. நகரத்தின் மிக மதிப்புவாய்ந்த ஆங்கிலேய நிதி நிறுவனங்களில் ஒன்று அது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. பின்னர் 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது, நாடு முழுவதற்கும் வைப்புக் காப்பீடு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1962இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒருவருக்குக் காப்பீடு 1,500 ரூபாய். 1993இல் அது ஒரு லட்சமானது. 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம்.

இந்த ஐந்து லட்சம் ஒரு வங்கியில் ஒருவருக்கு என்று பொருள். சேமிப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, அசல், வட்டி எல்லாவற்றையும் கூட்டித்தான் ஐந்து லட்சம். நான்கு கிளைகளில் நான்கு கணக்கு வைத்தாலும் வங்கி ஒன்றுதான். சிறு நிதி வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. அந்த வகையில் ஈக்விட்டாஸில் இருக்கும் நான்கு லட்சமும் ஸ்டேட் வங்கியில் இருக்கும் நான்கு லட்சமும் ஒரே காப்பீட்டின் கீழ்தான் வருகின்றன.

ஆனால் காப்பீடு இருப்பதும் பணம் கைக்கு வருவதும் வெவ்வேறு. இதைக் கரூர் நன்றாக அறியும். 1926இல் அந்த ஊர் வணிகர்கள் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 மாலை தடை உத்தரவு வந்தது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றானது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, வங்கி டிபிஎஸ் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. வைப்பு வைத்தவர்களில் ஒருவரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை, பங்குதாரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 5 அன்று யெஸ் வங்கியில் 50,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டு, 18ஆம் தேதி நீக்கப்பட்டது. இவை நல்லபடியாக முடிந்தவை. 2019 செப்டம்பர் 23 அன்று மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியில் விதிக்கப்பட்ட தடையின் முதல் வரம்பு வெறும் 1,000 ரூபாய். வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டாலும், அந்த வங்கி யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைய 2022 ஜனவரி வரை ஆனது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, தடை விதிக்கப்பட்ட வங்கியில் காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. மாதக்கணக்குத் தேவைக்கு 90 நாள் தாங்கும். இரவு பதினொரு மணி மருத்துவமனைக்குப் பத்து நாள்கூட நீண்ட காலம். அவசரப் பணம் முழுவதையும் ஒரே வங்கியில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டு வங்கிகளில் கணக்கு, இரண்டிலும் வேலை செய்யும் ஏடிஎம் அட்டை, இரண்டும் யுபிஐயோடு இணைந்திருப்பது ஆகிய மூன்றும் வட்டியில் அரை சதவீதம் கூடுவதைவிட மதிப்பு மிக்கவை.

காப்பீடே இல்லாத இடங்களும் இருக்கின்றன. அவற்றில் பல, பார்வைக்கு வங்கி போலவே இருக்கும். நிதி நிறுவனங்கள், 'நிதி' என்ற பெயரில் இயங்கும் உறுப்பினர் நிறுவனங்கள், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஆகிய எதற்கும் இந்த ஐந்து லட்சக் காப்பீடு கிடையாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு, ஊரிலுள்ள கடன் சங்கத்துக்கு இல்லை. இந்த வேறுபாடு பல கிராமங்களில் வைப்பு வைப்பவர்களுக்குத் தெரியாது. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் ஒன்றரை நூற்றாண்டுப் பெயர் கொண்ட நிதி. ஓய்வூதியர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பணம் போட்டார்கள். 2024இல் முதிர்ந்த வைப்புகள் திரும்பி வரவில்லை என்ற புகார்கள் குவிந்து, ஆகஸ்ட் மாதம் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். வைப்பாளர்களைக் காக்கத் தமிழ்நாடு 1997இலேயே தனிச் சட்டம் இயற்றியது, சொத்துகளை முடக்கி ஏலம் விட்டுப் பணத்தைப் பகிர்ந்தளிக்க வழி செய்தது. ஆனால் வழக்கு வழியாக வரும் பணம் ஆண்டுகள் கழித்து வருவது. மருந்து வாங்க வைத்திருந்த பணம் வழக்கில் சிக்கிய முதியவர்களின் துயரத்தைக் கண்ட எவரும், கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய இரண்டு, மூன்று சதவீத வட்டியைப் பெரிதாகப் பேச மாட்டார்கள்.

வங்கி அல்லாத நிதி நிறுவனங்களின் நிரந்தர வைப்பு இன்னொரு வகை. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்று, நல்ல தரமதிப்பீட்டோடு, பல பத்தாண்டுகளாக நாணயமாக நடக்கும் நிறுவனங்கள் சென்னையிலேயே உண்டு. நீண்ட காலச் சேமிப்புக்கு அவை பொருந்தலாம். அவசரப் பணத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் பணத்தை எடுக்க விதி கட்டுப்பாடுகளோடுதான் இடம் தருகிறது.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், தமிழ்க் குடும்பங்களில் 'அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்' என்று முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் பதிவான சீட்டு ஒரு முறையான ஏற்பாடு. நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்து, பின்னர் 7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் ஏலத்தில் தள்ளி எடுப்பவர் கடன் வாங்குபவர் நிலையில்தான் இருக்கிறார். அவசரம் கூடக் கூடத் தள்ளுபடியும் கூடும். அதே மாதம் இன்னொருவருக்கும் அவசரம் என்றால் இன்னும் கூடும். சேமிக்க வைக்கும் கட்டுப்பாடு என்ற வகையில் சீட்டுக்கு மதிப்பு உண்டு. கேட்டவுடன் கைக்கு வரும் பணம் என்ற வரிசையில் அது சேராது. பதிவில்லாத ஏலச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் அந்த வரிசைக்கு அருகில்கூட வரக் கூடாதவை.

சரி, நல்ல வட்டியும் உடனடிப் பணமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் எது? பெரும்பாலான குடும்பங்களுக்கு அது ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே இருக்கிறது. ஆட்டோ ஸ்வீப் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்டேட் வங்கியில் அதற்கு எம்ஓடி என்று பெயர், மல்டி ஆப்ஷன் டெபாசிட். சேமிப்புக் கணக்கில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் பணம் நிரந்தர வைப்பாக மாறும். கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுத்தால், குறையும் தொகைக்கு மட்டும் வைப்பு உடைந்து தானாகவே கணக்குக்கு வந்துவிடும். நள்ளிரவில் ஏடிஎம்மில் அட்டையைச் செருகினாலும் அது நடக்கும். கணக்கில் 50,000, எம்ஓடியில் இரண்டரை லட்சம் வைத்திருப்பவர் 70,000 ரூபாய் கட்ட வேண்டி வந்தால் 20,000 மட்டும் உடையும். மீதி 2,30,000 பழைய வட்டியிலேயே தொடரும்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம், உடைந்த பகுதிக்கு எவ்வளவு வட்டி என்பது. ஓராண்டுக்கு 6.25 என்று போட்டிருந்தாலும், உடைத்த பகுதிக்கு அது எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கான விகிதம்தான், அதிலும் அபராதம் கழியும். ஸ்டேட் வங்கியில் ஐந்து லட்சம் வரையிலான வைப்புக்கு அபராதம் 0.50 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். 2025இன் பிற்பாதியில் அங்கே 7 முதல் 45 நாள் வரையிலான வைப்புக்கு வட்டி 3.05 சதவீதம். ஒரு மாதத்தில் உடைத்தால் அபராதம் போக 2.55, ஏறத்தாழ சேமிப்புக் கணக்கு வட்டியேதான். ஏழு நாளுக்குள் உடைத்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே மாதந்தோறும் உள்ளே போய் வெளியே வரும் பணத்துக்கு ஸ்வீப் எந்த நன்மையும் தராது. ஆறு மாதம், எட்டு மாதம் அசையாமல் கிடந்து எப்போதாவது ஒரு முறை தேவைப்படும் பணத்துக்குத்தான் அது ஏற்றது. அவசரப் பணம் என்பதே அப்படிப்பட்டதுதானே. கடைசியாகப் போட்டது முதலில் உடைகிறதா, முதலில் போட்டது உடைகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாகப் போட்டது முதலில் உடைந்தால் வாடிக்கையாளருக்கு லாபம், பழைய வைப்பின் வட்டி காப்பாற்றப்படும். இந்த வசதி பெரும்பாலான கணக்குகளில் தானாக இயங்குவதில்லை. கிளையில் எழுதிக் கொடுத்தோ, செயலியில் தேர்ந்தெடுத்தோதான் தொடங்க வேண்டும்.

ஸ்வீப் வேண்டாம் என்பவர்கள் கையாலேயே அதைச் செய்யலாம். இரண்டரை லட்சத்தை ஒரே வைப்பாகப் போடாமல் ஐம்பதாயிரமாக ஐந்து ரசீது போட்டால் போதும். எவ்வளவு தேவையோ அவ்வளவு ரசீதை மட்டும் உடைக்கலாம். ஒரு கோடி ரூபாய் வரையிலான தனிநபர் வைப்புகளில் முதிர்வுக்கு முன் எடுக்கும் வசதியை வங்கி கொடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதி செய்திருக்கிறது. அதற்கு முன் அந்த உறுதி 15 லட்சம் வரைதான். "எஃப்டி போட்டால் பணம் முடங்கிவிடும்" என்ற பழைய பயத்துக்கு இப்போது அடிப்படை இல்லை.

உடைப்பதையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, போதிய அளவு பயன்படுத்தப்படாத வழி. வைப்பின் மீது ஓவர்டிராஃப்ட் கடன். வைப்புத் தொகையில் 90 சதவீதம் வரை, வைப்பு வட்டியை விட வழக்கமாக 1 சதவீதம் கூடுதல் வட்டிக்குக் கிடைக்கும், பயன்படுத்திய நாள்களுக்கு மட்டுமே வட்டி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் ரூபாய், ஓராண்டு வைப்பு, 6.25 சதவீதம், பத்து மாதம் முடிந்திருக்கிறது. அந்தப் பத்து மாதத்துக்குச் சேர வேண்டிய வட்டி, கூட்டு வட்டியை விட்டுவிட்டால், 5,208 ரூபாய். இப்போது உடைத்தால், ஓராண்டுக்குக் குறைந்த காலத்துக்கான 5.90 சதவீதத்தில் அரை சதவீதம் கழித்து 5.40தான் கிடைக்கும், அதாவது 4,500 ரூபாய். எழுநூறு ரூபாய் போச்சு. அதற்குப் பதிலாகத் தொண்ணூறாயிரம் ரூபாயை 7.25 சதவீதத்தில் முப்பது நாள் கடனாக எடுத்துத் திருப்பிக் கட்டினால் வட்டி சுமார் 536 ரூபாய். அதே முப்பது நாளில் வைப்பு தன் பங்குக்கு 514 ரூபாய் ஈட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த மாதச் சம்பளத்தில் அடைத்துவிடக்கூடிய தேவை என்றால் உடைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வங்கிக்கு வெளியே இதற்கு நிகரான இடம் லிக்விட் ஃபண்ட். 91 நாளுக்குள் முதிரும் அரசு உண்டியல்கள், வங்கிகளின் வைப்புச் சான்றுகள், நிறுவனங்களின் குறுகிய காலப் பத்திரங்கள் ஆகியவற்றில் மட்டும் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் இது. வருவாய் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தை ஒட்டியே நகரும். ஏழாவது நாளிலிருந்து வெளியேறும் கட்டணம் கிடையாது. அதற்கு முன் எடுத்தாலும் ஒரு லட்சத்துக்கு ஏழு ரூபாய்க்குள்தான். மூன்று மணிக்குள் கேட்டால் அடுத்த வேலைநாளில் பணம் வரும். இங்கே 'வேலைநாள்' என்ற சொல் முக்கியம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கேட்டால் அது திங்கட்கிழமைக் கோரிக்கையாகி, பணம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வரும். வங்கிப் பணப் பரிமாற்ற முறைகளில் நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன என்றாலும் ஃபண்டுகளின் கடிகாரம் வேறு. சில ஃபண்டுகள் உடனடியாக எடுக்கும் வசதி தருகின்றன. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி அது ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது முதலீட்டில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவே உச்சம்.

இங்கே காப்பீடு இல்லை, வட்டிக்கு உறுதியும் இல்லை. 2017 பிப்ரவரியில் பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தரமதிப்பீடு சரிந்தபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த டாரஸ் லிக்விட் ஃபண்டின் மதிப்பு ஒரே நாளில் சுமார் 7 சதவீதம் விழுந்தது. ஓராண்டு வட்டிக்கு மேல் ஒரு நாளில் போயிற்று. 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியபோது வேறு சில ஃபண்டுகள் அடிபட்டன. அதன் பிறகுதான் செபி விதிகளை இறுக்கியது. லிக்விட் ஃபண்டுகள் குறைந்தது 20 சதவீதத்தை ரொக்கத்திலும் அரசுப் பத்திரங்களிலும் வைத்திருக்க வேண்டும் என்றது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது பாதிக்கப்பட்டவை லிக்விட் ஃபண்டுகள் அல்ல. அவற்றை விடச் சற்றே கூடுதல் வருவாய்க்காக மக்கள் சேர்ந்த அல்ட்ரா ஷார்ட் போன்ற திட்டங்கள். பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் ஊரடங்கின் நடுவில், வேலை போயிருந்த நேரத்தில், கதவு மூடியிருந்தது. அவசரப் பணத்துக்கு இந்த வகைகள் வேண்டாம் என்பதற்கு அதுவே போதும். அரசு உண்டியல்களை அதிகம் வைத்திருக்கும் பெரிய லிக்விட் ஃபண்டோ, ஒரு நாள் கடன் மட்டுமே கொடுக்கும் ஓவர்நைட் ஃபண்டோ தேர்ந்தெடுத்தால் வருவாய் சிறிது குறையும், தூக்கம் கெடாது.

அரசு உண்டியலை நேரடியாகவே வாங்க முடியும். 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் தளத்தில் 10,000 ரூபாயிலிருந்து 91 நாள், 182 நாள், 364 நாள் உண்டியல்கள் கிடைக்கின்றன. பாதுகாப்புக்குக் குறையே இல்லை. நடுவில் விற்கப் போதிய வாங்குவோர் இல்லாததால், தேதி முன்கூட்டியே தெரிந்த தேவைகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

வரியைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த வட்டிக்கு வரியே வராது. வைப்பு வட்டி ஒரு வங்கியில் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான், வங்கி 10 சதவீதம் பிடிக்கும். 6.25 சதவீத வட்டியில் ஐம்பதாயிரம் வருவதற்கு எட்டு லட்சம் வைப்பு வேண்டும். முப்பது சதவீத வரி கட்டுபவர்களுக்கு மட்டும் லிக்விட் ஃபண்டில் ஒரு சிறு வசதி உண்டு: வைப்பு வட்டிக்கு ஆண்டுதோறும் வரி, ஃபண்டில் எடுக்கும்போது மட்டும் வரி. 2023 ஏப்ரலுக்குப் பிறகு போட்ட பணத்துக்கு அதைத் தவிர வேறு வரிச் சலுகை எதுவும் மிச்சமில்லை.

மாதம் 40,000 ரூபாய் செலவுள்ள ஒரு கோவைக் குடும்பம் ஆறு மாதச் செலவாக 2,40,000 ரூபாயை ஒதுக்க நினைக்கிறது என்று கொள்வோம். ஒரு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விடலாம், அதற்குக் குறைந்த வட்டி வருவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒன்றேகால் லட்சம் அதே கணக்கின் ஸ்வீப்பில் இருக்கலாம். மீதி எழுபத்தைந்தாயிரம் இரண்டாவது வங்கியில் இரண்டு, மூன்று ரசீதுகளாக இருந்தால், ஒரு வங்கியில் தடை வந்தாலும் வீடு நடக்கும். அந்த இரண்டாவது வங்கி நல்ல நிலையிலுள்ள சிறு நிதி வங்கியாக இருந்தால் வட்டி சற்றுக் கூடும். ஐந்து லட்சக் காப்பீட்டுக்குள் தொகை இருப்பதால் பயப்படத் தேவையில்லை. நகைக்கடனை மூன்றாவது அரணாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். தங்கத்துக்கு வட்டி வராது, ஆனால் கூட்டுறவு வங்கியில் ஒரே நாளில் பணமாகும். தொகை நான்கு, ஐந்து லட்சத்தைத் தாண்டும்போதுதான் லிக்விட் ஃபண்டை யோசிப்பதில் பொருள் உண்டு.

கடைசியாக, பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம். பணம் யாருக்கு எட்ட வேண்டும்? கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருந்து, அவரே தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தால், ஏடிஎம் ரகசிய எண் தெரியாத மனைவிக்கு அந்த மூன்று லட்சம் மூன்று லட்சம் அல்ல. உரிமை கோரப்படாமல் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்ட தொகை 2024 மார்ச் முடிவில் 78,213 கோடி ரூபாய். அதில் எத்தனையோ வீடுகளின் அவசரப் பணம் இருக்கும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை வாரிசுதாரர்களாக நியமிக்கலாம். ஆனால் நியமனம் இறப்புக்குப் பின்னர்தான் உதவும். உயிரோடு இருக்கும்போது உதவுவது கூட்டுக் கணக்கு, 'இருவரில் எவரேனும் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற விதியோடு. அப்படிப்பட்ட சேமிப்புக் கணக்கில் ஒருவர் கையெழுத்தே போதும். நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன் உடைக்கவோ இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கும். ஒருவர் இறந்தபின் மற்றவர் தனியாக உடைக்க வேண்டுமானால், அதற்கு இருவரும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே சேமிப்புக் கணக்கில் இருக்கும் அந்த முதல் மாதச் செலவாவது கட்டாயம் கூட்டுக் கணக்கில் இருக்க வேண்டும். வைப்புக்கான ஒப்புதலைத் தொடங்கும்போதே படிவத்தில் குறிக்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வைப்பு என்றால், இருவரும் கிளைக்குப் போய் இப்போதும் எழுதிக் கொடுக்கலாம்.